பூச்சுக்குள் கூண்டு இருக்கிறதா?

மூன்றாமாண்டு இயற்பியல் படிக்கும் மாணவர் ஒருவர், துறைக் கருத்தரங்கில் பேசுவதற்காகத் தயாரித்த குறிப்புகளை எடுத்துக்கொண்டு என்னிடம் வந்தார். கணிப்பொறிச் சில்லுகளில் நுண்கோடுகளைப் பொறிக்க உதவும் கரிம வெள்ளீயக் கொத்துகளைப் பற்றிய குறிப்புகள் அவை. முதல் பக்கத்திலேயே அழகான வண்ணப்படம் ஒன்று இருந்தது. பன்னிரண்டு வெள்ளீய அணுக்கள், அவற்றை இணைக்கும் சிவப்பு நிற ஆக்சிஜன் அணுக்கள், வெளிப்புறமெங்கும் வால் வாலாக நீட்டிக்கொண்டிருக்கும் கரிமத் தொகுதிகள். படத்தின் கீழே, 'சில்லுப் பூச்சின் அமைப்பு' என்று எழுதியிருந்தார்.

"இது பூச்சின் அமைப்புத்தான் என்பது எப்படித் தெரியும்?" என்று கேட்டேன்.

"எல்லாக் கட்டுரையிலும் இப்படித்தான் சார் போட்டிருக்கிறார்கள்" என்றார்.

அவர் சொன்னதில் பொய் இல்லை. இத்துறை பற்றிப் பொதுமக்களுக்காக எழுதப்படும் கட்டுரைகளில் மட்டுமன்றி, ஆய்வேடுகள் பலவற்றின் முகப்பிலும் இதே பந்துக் கூண்டுதான் வீற்றிருக்கிறது. படத்தைப் பார்த்ததும், 'அமைப்புத் தெரிந்துவிட்டது, ஆகவே அது வேலை செய்யும் விதமும் தெரிந்துவிட்டது' என்ற நிறைவு வாசகருக்கு உண்டாகிறது. அந்த நிறைவுக்கு எவ்வளவு ஆதாரம் உண்டு என்று பார்ப்பதே என் நோக்கம்.

முதலில் பின்னணியைச் சுருக்கமாகக் காண்போம். சிலிக்கன் தகட்டின்மேல் ஒளியுணர் பூச்சு ஒன்றைப் பூசி, அதன்மேல் மின்சுற்றின் வடிவத்தை ஒளியால் விழச்செய்து, பிறகு உருத்துலக்கும் திரவத்தில் கழுவுகிறார்கள். ஒளி பட்ட இடம் கரையும். அல்லது ஒளி பட்ட இடம் மட்டும் கரையாமல் நிற்கும். பழைய புகைப்படச் சுருளைக் கழுவும் அதே தத்துவம்தான். கோடுகள் நுண்மையாக வேண்டுமானால் ஒளியின் அலைநீளம் குறுக வேண்டும். நெடுங்காலம் பயன்பட்டுவந்த 193 நானோமீட்டர் ஒளிக்கு அடுத்தபடியாக 2019ஆம் ஆண்டு வாக்கில் பெருந்தொழிற்சாலைகளில் நிலைபெற்றது 13.5 நானோமீட்டர் அலைநீளமுள்ள அதீதப் புறஊதாக் கதிர். தொழில்துறையில் இதை ஈ.யு.வி. என்றே சொல்வர். இதற்கான எந்திரங்களை நெதர்லாந்தின் ஏ.எஸ்.எம்.எல். நிறுவனம் ஒன்றே செய்து விற்கிறது.

இந்தக் கதிரை உண்டாக்குவதும் வெள்ளீயமே என்பது சுவையான செய்தி. உருகிய வெள்ளீயத் துளிகள், வினாடிக்கு 50,000 என்ற கணக்கில், வெற்றிடத்தில் பாய்ந்துகொண்டிருக்கின்றன. ஒவ்வொரு துளியையும் கார்பன் டை ஆக்சைடு லேசர் தாக்கிப் பிளாஸ்மாவாக மாற்ற, அது 13.5 நானோமீட்டர் கதிரை உமிழ்கிறது. உமிழ்வதும் வெள்ளீயம், மறுமுனையில் பூச்சாக இருந்து அக்கதிரை விழுங்குவதும் வெள்ளீயம். இரண்டு வேலைகளிலும் அந்த அணுவின் நான்காம் கூட்டிலுள்ள டி எலெக்ட்ரான்களுக்கு முக்கியப் பங்கு உண்டு.

கூண்டு கிடைத்த கதை

கரிம வெள்ளீயச் சேர்மங்கள் புதியவை அல்ல. ஆங்கில வேதியியலார் எட்வர்டு ஃபிராங்க்லாந்து 1849ஆம் ஆண்டிலேயே அவற்றைத் தயாரித்தார். கப்பல்களின் அடிப்பகுதியில் சிப்பிகள் ஒட்டாமலிருக்கப் பூசப்பட்டு, கடல் நத்தைகளின் இனப்பெருக்கத்தையே குலைத்ததால் உலகளவில் தடைசெய்யப்பட்ட வண்ணப்பூச்சில் இருந்ததும் இக்குடும்பத்தைச் சேர்ந்த பொருளே.

நாம் பேசும் கூண்டை 1989ஆம் ஆண்டில் பஃப், ராய்ட்டர் என்னும் ஜெர்மானிய வேதியியலார் இருவர் அறிவித்தனர். சில்லு செய்யும் எண்ணம் அவர்களுக்கு இருந்ததில்லை. கரிமத் தொகுதி ஒன்று இணைந்த வெள்ளீயக் குளோரைடை நீருடன் வினைபுரியவிட்டால் என்னென்ன உண்டாகும் என்பதுதான் அவர்களுடைய கேள்வி. கிடைத்த படிகத்தை எக்ஸ் கதிரில் வைத்துப் பார்த்தபோது கூண்டு தென்பட்டது. அவர்களுடைய கூண்டில் ஐசோபுரோப்பைல் தொகுதி இருந்தது. பூச்சு ஆராய்ச்சியில் மிகுதியும் பேசப்படுவது பியூட்டைல் தொகுதி உள்ள கூண்டு.

அமைப்பு உண்மையிலேயே அழகானது. இரு துருவங்களிலும் மும்மூன்று வெள்ளீய அணுக்கள். நடுவே வளையமாக ஆறு. துருவத்து அணு ஒவ்வொன்றும் ஐந்து ஆக்சிஜனோடும் ஒரு கார்பனோடும், வளையத்து அணு ஒவ்வொன்றும் நான்கு ஆக்சிஜனோடும் ஒரு கார்பனோடும் பிணைந்துள்ளது. மொத்தம் 14 ஆக்சிஜன்கள், 6 ஹைட்ராக்சில்கள். மாணவர்கள் இதைத் தாங்களே சரிபார்க்கலாம். வெள்ளீயத்தின் பக்கத்திலிருந்து எண்ணினால் 6 × 5 + 6 × 4 = 54 ஆக்சிஜன் பிணைப்புகள். ஆக்சிஜனின் பக்கத்திலிருந்து எண்ணினால், மூன்று வெள்ளீயங்களைத் தொடும் 14 ஆக்சிஜன்கள் 42, இரண்டைத் தொடும் 6 ஹைட்ராக்சில்கள் 12, கூட்டினால் 54. மின்னூட்டக் கணக்கும் சரியாகவே வருகிறது. வெள்ளீயங்களின் 48 நேர்மின்னூட்டத்தில் கரிமத் தொகுதிகளுக்கு 12, ஆக்சிஜன்களுக்கு 28, ஹைட்ராக்சில்களுக்கு 6 கழிக்க, மீதி 2. அதை ஈடுகட்ட இரண்டு எதிரயனிகள் அருகில் நிற்கின்றன.

கரைசலிலும் கூண்டு குலையாமல் இருக்கிறது என்பதற்கு நல்ல சான்று உண்டு. வெள்ளீயத்தின் 119 நிறையெண் ஐசோடோப்பைக் கொண்டு அணுக்கரு காந்த ஒத்ததிர்வு நிறமாலை எடுத்தால், துருவத்து அணுக்களுக்கு ஒன்று, வளையத்து அணுக்களுக்கு ஒன்று என இரண்டே கோடுகள் தெளிவாகப் பிரிந்து நிற்கின்றன. இதுவரை எல்லாம் உறுதியான அறிவு. குறைசொல்ல ஒன்றுமில்லை.

சிறியதால் நுண்மையா?

கூண்டின் படத்தைக் காட்டிய கையோடு பெரும்பாலான கட்டுரைகள் வைக்கும் வாதம் இது: "பழைய பூச்சுகளிலுள்ள பாலிமர் சங்கிலி பெரியது, இந்தக் கூண்டோ ஒரு நானோமீட்டர் அளவே உடையது, செங்கல் சிறிதானால் சுவரின் விளிம்பு நேராகும், ஆகவே கோடு நுண்மையாக அமையும்." கேட்பதற்கு இனிமையாக இருக்கிறது. ஆனால் இயற்பியல் படித்தவர் இதை அப்படியே ஏற்றுக்கொள்ளக் கூடாது.

கணக்கைப் போட்டுப் பார்ப்போம். 13.5 நானோமீட்டர் ஃபோட்டான் ஒன்றின் ஆற்றல் 92 எலெக்ட்ரான் வோல்ட். 193 நானோமீட்டர் ஃபோட்டானுக்கு 6.4 மட்டுமே. ஒரே அளவு ஆற்றலைச் செலுத்தினால் ஈ.யு.வி.யில் வந்து விழும் ஃபோட்டான்களின் எண்ணிக்கை பதினான்கில் ஒரு பங்குதான். சதுர சென்டிமீட்டருக்கு 30 மில்லிஜூல் என்று வைத்துக்கொண்டால், சதுர நானோமீட்டருக்குச் சுமார் 20 ஃபோட்டான்கள் வருகின்றன. எல்லாம் உறிஞ்சப்படுவதில்லை. 20 நானோமீட்டர் தடிப்புள்ள சாதாரணக் கரிமப் பூச்சு ஏறக்குறைய பத்தில் ஒன்றைத்தான் பிடிக்கும். அதே தடிப்புள்ள வெள்ளீயக் கூண்டுப் பூச்சு நான்கில் ஒன்றுக்குச் சற்றுக் குறைவாகப் பிடிக்கும்.

10 நானோமீட்டர் பக்கமுள்ள சதுரத் துளை ஒன்றை எடுத்துக்கொள்வோம். கரிமப் பூச்சில் அங்கே சுமார் 190 ஃபோட்டான்கள் சிக்கும். வெள்ளீயப் பூச்சில் சுமார் 470. மழைத்துளிகள் எல்லாக் கட்டத்திலும் ஒரே எண்ணிக்கையில் விழுவதில்லை அல்லவா? ஃபோட்டான்களும் அப்படியே. சராசரியின் வர்க்கமூலம் அளவுக்கு ஏற்ற இறக்கம் இருக்கும்: முதலாவதில் 14, இரண்டாவதில் 22. பெரிய சில்லு ஒன்றில் இத்தகைய துளைகள் ஆயிரம் கோடி இருந்தால், அவற்றுள் மிகத் துரதிருஷ்டமான துளை சராசரியைவிட இந்த ஏற்றஇறக்கத்தைப்போல் ஆறு மடங்குக்கு மேல் குறைவாகவே பெறும். கரிமப் பூச்சில் அந்தத் துளைக்குக் கிடைப்பது 190க்குப் பதில் 105 அளவு. பாதிக்குச் சற்று மேல். அது திறக்காமலே போகலாம். ஒரு துளை அடைபட்டாலும் சில்லு பழுதாகலாம். வெள்ளீயப் பூச்சிலோ 470க்குப் பதில் 330 கிடைக்கிறது.

வெள்ளீயத்தால் வந்த ஆதாயம் இங்கே இருக்கிறது. அது கூண்டு சிறியது என்பதால் வந்ததன்று; வெள்ளீய அணு இக்கதிரை நன்றாக உறிஞ்சுகிறது என்பதால் வந்தது. கூண்டை உடைத்து, அதே வெள்ளீயத்தை அதே நெருக்கத்தில் வேறு எந்த வடிவத்தில் அடுக்கினாலும் இக்கணக்கு மாறாது.

இன்னொன்றையும் பார்க்கவேண்டும். ஃபோட்டானை விழுங்கிய அணுவிலிருந்து சுமார் 60 எலெக்ட்ரான் வோல்ட் ஆற்றலுடன் ஓர் எலெக்ட்ரான் வெளியேறுகிறது. அது வழியில் வேறு எலெக்ட்ரான்களை உதைத்து வெளியேற்றுகிறது. வேதிமாற்றத்தில் பெரும்பகுதியைச் செய்வன இந்த இரண்டாம்நிலை எலெக்ட்ரான்களே. அவை ஒரு சில நானோமீட்டர் தூரம் அலைந்து திரிகின்றன. கூண்டோ ஒரு நானோமீட்டர். மை கசியும் தாளில் எழுதுகோலின் முனையை எவ்வளவு கூராகச் சீவினால்தான் என்ன? கூண்டின் எடையையும் அடர்த்தியையும் கொண்டு கணக்கிட்டால், ஒரு கூண்டு பிடிக்கும் இடம் 2 கன நானோமீட்டருக்குச் சற்று அதிகம். அதாவது மேற்சொன்ன கதிர்வீச்சில் இரண்டு கூண்டுகளுக்கு ஒரு ஃபோட்டான்தான் கிடைக்கிறது. பாதிக்கு மேற்பட்ட கூண்டுகள் நேரடியாக எதையும் பெறுவதில்லை. அப்படியிருந்தும் அங்கே பூச்சு கரையாததாக மாறுகிறது என்றால், அது பக்கத்துக் கூண்டிலிருந்து வந்த எலெக்ட்ரான்களின் வேலை.

'3 நானோமீட்டர் சில்லு' என்னும் விளம்பரப் பெயரையும் இதனோடு சேர்த்துக் குழப்பிக்கொள்வோர் உண்டு. அந்தத் தலைமுறைச் சில்லுகளில் மிக நெருக்கமான உலோகக் கம்பிகள்கூட 20 நானோமீட்டருக்கு மேற்பட்ட இடைவெளியில்தான் திரும்பத் திரும்ப வருகின்றன. 3 என்பது பெயர், அளவு அன்று. இதற்குமேல் இதைப்பற்றிச் சொல்ல வேண்டியதில்லை.

பூச்சுக்குள் பார்ப்பது எப்படி?

படிகத்திலும் கரைசலிலும் கூண்டு இருக்கிறது. தகட்டின்மேல் சுழற்றிப் பூசி, சூடாக்கி உலர்த்திய 20 நானோமீட்டர் படலத்திலும் அது இருக்கிறதா? கதிர் பட்டபின் என்ன ஆகிறது? மாணவர் படத்தின் கீழ் எழுதிய வாசகம் இந்தக் கேள்விகளைக் கேளாமலே தாண்டிவிட்டது.

படலம் படிகமன்று; அதில் அணுக்கள் வரிசையாக அடுக்கப்படவில்லை. ஆகவே எக்ஸ் கதிர்ப் படிகவியல் இங்கே செல்லாது. கதிரைச் சாய்வாகச் செலுத்திச் சிதறலைப் பதிவு செய்யலாம்; கிடைப்பன கூர்மையான புள்ளிகளல்ல, மழுங்கிய மேடுகளே. அவற்றிலிருந்து அணுக்களிடையேயான தூரங்களைக் கணக்கிட முனைந்தால் வேறொரு தொல்லை எதிர்ப்படுகிறது. வெள்ளீயத்துக்கும் ஆக்சிஜனுக்கும் இடைத்தூரம் சுமார் 2.1 ஆங்ஸ்ட்ராம், வெள்ளீயத்துக்கும் கார்பனுக்கும் ஏறத்தாழ அதே தூரம். எந்தப் பிணைப்பு அறுந்தது, எது நிலைத்தது என்று நாம் அறிய விரும்புகிறோமோ அவையிரண்டும் ஒன்றன்மேல் ஒன்றாக விழுந்து மறைந்துகொள்கின்றன.

கரைசலில் கைகொடுத்த காந்த ஒத்ததிர்வைப் படலத்தில் பயன்படுத்தலாமே என்று தோன்றும். எவ்வளவு பொருள் கைவசம் இருக்கிறது என்று பாருங்கள். 300 மில்லிமீட்டர் விட்டமுள்ள முழுத் தகட்டின் பரப்பு சுமார் 707 சதுர சென்டிமீட்டர். அதை 20 நானோமீட்டர் தடிப்பால் பெருக்கி, அடர்த்தியாலும் பெருக்கினால், மொத்தப் பூச்சின் எடை 3 மில்லிகிராமுக்கும் குறைவு. நல்ல நிறமாலைக்குப் பல தகடுகளைச் சுரண்டி எடுக்கவேண்டும். சுரண்டும்போது அமைப்பு மாறவில்லை என்று வேறு நிறுவவேண்டும். போதாக்குறைக்கு, இயற்கை வெள்ளீயத்தில் 119 ஐசோடோப்பு நூற்றுக்கு ஒன்பதைக்கூட எட்டுவதில்லை.

எலெக்ட்ரான் நுண்ணோக்கியால் நேராகவே பார்த்துவிடலாமே? சிக்கலின் நடுப்புள்ளி இதுதான். இந்தப் பூச்சு கதிர் பட்டால் மாறுவதற்கென்றே செய்யப்பட்டது. எலெக்ட்ரான் கற்றையால் இதைக் கரையாததாக்கச் சதுர நானோமீட்டருக்குச் சில பத்து எலெக்ட்ரான்கள் போதும். அணுக்கள் தெரியும்படி படம் எடுக்கவோ ஆயிரக்கணக்கில் செலுத்தவேண்டும். படம் கிடைக்கும் வேளையில், பார்க்க நினைத்த பொருள் அங்கே இராது. இருட்டறையில் புகைப்படச் சுருள் நன்றாக இருக்கிறதா என்று விளக்கைப் போட்டுப் பார்ப்பதற்கு ஒப்பான செயல் அது. எக்ஸ் கதிர் ஒளியெலெக்ட்ரான் நிறமாலையில் விழும் கதிரின் ஆற்றல் ஈ.யு.வி.யைப்போல் பதினாறு மடங்கு. அளக்கும்போதே அதுவும் பிணைப்புகளை அறுக்கிறது. கவனமுள்ள ஆய்வாளர் அளவீட்டு நேரத்தைக் குறைத்தும், ஒரே இடத்தை மீண்டும் அளந்து மாற்றத்தைக் கணக்கிட்டும் இதைச் சமாளிக்கின்றனர். அந்தக் கவனத்தை ஒரு வரியில்கூடக் குறிப்பிடாத கட்டுரையைப் படிக்கும்போது, முடிவுகளைச் சற்று ஒதுக்கி வைத்துக்கொண்டு படிப்பது நல்லது.

அகச்சிவப்பு நிறமாலை இவ்வகையில் சாதுவானது. கார்பன்-ஹைட்ரஜன் பிணைப்பின் உறிஞ்சுகோடு மெலிவதைக் கொண்டு, பியூட்டைல் தொகுதிகள் வெளியேறுவதை அறியலாம். பொதுவாக ஒப்புக்கொள்ளப்படும் விளக்கம் இது: கதிராலும் எலெக்ட்ரான்களாலும் வெள்ளீய-கார்பன் பிணைப்பு அறுகிறது, கரிமத் தொகுதி கழன்று ஓடுகிறது, காலியான இடத்தில், சூடாக்கும்போது, பக்கத்து வெள்ளீயங்கள் ஆக்சிஜன் வழியே கைகோக்கின்றன, கரையாத வலைப்பின்னல் உண்டாகிறது. கடைசிக் கட்டத்தில் கூண்டு கூண்டாகவே நின்று கைகோக்கிறதா, பிளந்து உருமாறி இணைகிறதா என்பதை அகச்சிவப்புக் கோடு சொல்லாது. எத்தனை பேர் வீட்டை விட்டு வெளியேறினர் என்பதை அது எண்ணும். வீடு நிற்கிறதா என்பதை எண்ணாது.

கூண்டு ஒன்றே ஒன்று என்று எண்ணுவதும் தவறு. அமெரிக்காவின் ஆரிகன் மாநிலப் பல்கலைக்கழகத்தில் மே நைமனும் அவருடைய குழுவினரும் 2017ஆம் ஆண்டில், அதே பியூட்டைல் வெள்ளீயம் சோடியம் அயனி ஒன்றை நடுவில் வைத்து முற்றிலும் வேறான கொத்தாகத் திரள்வதைக் காட்டினர். 1930களில் கெகின் என்பவர் டங்ஸ்டன் சேர்மத்தில் கண்ட அமைப்பின் உறவு அது. அதிலும் பல மாற்று வடிவங்கள் உண்டு. நீரும் காரமும் வெப்பமும் சற்று மாறினால் கொத்தும் மாறுகிறது.

இவற்றுக்கெல்லாம் மேலாக ஒரு செய்தி. 2020ஆம் ஆண்டில் அமெரிக்காவின் லாம் ரிசர்ச் நிறுவனம், கரைசலே இல்லாமல், ஆவி நிலையிலிருந்து கரிம வெள்ளீயப் படலத்தை நேரடியாகத் தகட்டில் படியவைக்கும் முறையை அறிவித்தது. புட்டியில் கூண்டு செய்து பூசும் கட்டமே அங்கே இல்லை. அப்படியும் அது கதிருக்குப் பணிந்து கோடுகளைத் தருகிறது. 'கூண்டின் வடிவமே வெற்றியின் இரகசியம்' என்று எழுதுவோர் இதற்கு என்ன விடை சொல்வார்கள்?

அப்படியானால் கூண்டு வெறும் அலங்காரமா? இல்லை. அதன் உண்மையான பயன் வேறிடத்தில் இருக்கிறது. நிறுவனங்கள் விற்கும் பூச்சுகளின் முழுக் கலவை வெளியாருக்குத் தெரியாது. கூண்டோ எவரும் தயாரிக்கக்கூடியது. எத்தனை அணு, எங்கெங்கே என்பது தெரிந்தது. அதனால் ஒன்றை மட்டும் மாற்றி மற்றவற்றை அப்படியே வைத்துச் சோதிக்கலாம். நியூயார்க் மாநிலத்து ஆல்பனியில் பிரெய்னார்டு குழுவினர் 2014ஆம் ஆண்டில் இதைத்தான் செய்தனர். கூண்டை மாற்றாமல் கரிமத் தொகுதியை மாற்றினர். பிறகு எதிரயனியை மாற்றினர். வெள்ளீய-கார்பன் பிணைப்பு வலுவிழந்ததாக இருந்தால் பூச்சின் உணர்திறன் கூடியது. எதிரயனியை மாற்றியதால் விளைந்த வேறுபாடு அதனினும் சிறியது. என்னைக் கேட்டால், பத்து வண்ணப்படங்களைவிட இந்த ஒரு சோதனை மேலானது. பன்னிரண்டு வெள்ளீயமுள்ள பந்து வேலை செய்கிறது என்று அது சொல்லவில்லை. பன்னிரண்டு வால்களில் எது எளிதில் அறும் என்பதே முக்கியம் என்று சொல்லிற்று. ஆம்ஸ்டர்டாமில் பிரௌவர் குழுவினரும் இதே கூண்டை எடுத்துக்கொண்டு, கதிர் பட்டபின் படலத்தில் கார்பன் குறைவதை அளந்துள்ளனர்.

இவற்றையெல்லாம் மாணவரிடம் சொல்லி முடித்தபோது மாலை ஐந்தரை ஆகிவிட்டது. அவருக்குச் சற்று ஏமாற்றந்தான். "அப்போ படத்தை எடுத்துவிடவா சார்?" என்று கேட்டார். வேண்டாம் என்றேன். படம் இருக்கட்டும், கீழே உள்ள வாசகத்தை மட்டும் அடித்துவிட்டு, 'கரைசலிலிருந்து வளர்த்த படிகத்தில், கதிர்வீச்சுக்கு முன் கண்டது' என்று எழுதச் சொன்னேன். எழுதிக்கொண்டார். பிறகு அடுத்த பக்கத்தைத் திருப்பி, ஒன்றும் எழுதாத ஒரு கட்டத்தை வரைந்து, அதன் கீழே 'படலத்தில், கதிர்வீச்சுக்குப் பின்' என்று தாமாகவே எழுதினார்.